இரும்பும் கையும் பதியும் துணி: தேயிலைச் சாயத்தில் ஒளிப்படம் செய்யும் முறை

வாழைப்பூ அரிந்தால் அரிவாள்மனையும் விரலும் சேர்ந்து கறுத்துப்போகும். துவர்ப்பில் இருக்கும் டானின் இரும்போடு கூடும்போது வருகிற கறுப்பு அது. தேயிலையிலும் டானின் உண்டு. சயனோடைப் என்னும் நீல ஒளிப்பட முறையில் நிறம் கொடுப்பது இரும்பு. பழைய இயந்திரப் பாகத்தின் மேல் ஏறும் துருவும் இரும்பு. ஆகவே ஒரு துணியில் மனிதரின் கையை வெயிலைக் கொண்டு நீலமாகப் பதித்து, அதே துணியில் இயந்திரத்தின் பாகத்தைத் துருவாகப் பதித்து, பிறகு தேயிலைச் சாயத்தில் முக்கினால் இரண்டும் ஒரே கறுப்பில் வந்து கலக்கும். மனிதருக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவைப் படமாக்க நினைப்பவர்களுக்கு நீலகிரியில் இதைவிடப் பொருத்தமான மை கிடைக்காது. அந்த வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இங்கே சொல்கிறோம். அளவு: ஏ4 அளவுப் படம், 40 செ.மீ.க்கு 50 செ.மீ. துணி. முழு வேலைக்கும் பத்து நாள் ஒதுக்குங்கள். கை வேலை இரண்டு நாள்தான். மிச்சமெல்லாம் காய்வதற்கும் துருப்பிடிப்பதற்கும் ஆகும் காத்திருப்பு.

எதைப் படமெடுப்பது

இயந்திரத்தின் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி எடுத்தால் அது ஆளின் படமும் இயந்திரத்தின் படமுமாக இரண்டாகப் பிரிந்தே நிற்கும். உறவு இருப்பது தொடும் இடத்தில். பல வருடம் உள்ளங்கை பட்டுப்பட்டு வழவழப்பான லீவர், கட்டைவிரல் வைக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட் போன சுவிட்ச், தையல் மெஷினின் கைச்சக்கரம், கொழுந்து வெட்டும் கத்தரியின் பிடியில் சுற்றிய பழந்துணி, இவற்றைத் தேடுங்கள். பிடியில் துணி சுற்றியிருந்தால் அந்த இரும்பு கையை உறுத்துகிறது என்று பொருள். அந்தத் துணிதான் உங்கள் படம். கேமராவைத் தொடும் இடத்திலிருந்து 40, 50 செ.மீ. தூரத்துக்குக் கொண்டு போங்கள். முகம் வேண்டாம். வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஓரத்தில், மங்கலாக.

தேயிலை ஃபேக்டரியில் எடுப்பதாக இருந்தால் நிர்வாகத்திடமும், யாருடைய கையை எடுக்கிறீர்களோ அவரிடமும் தனித்தனியே அனுமதி கேளுங்கள். நிர்வாகம் சரி என்றால் தொழிலாளியும் சரி என்று ஆகிவிடாது. குளிருக்குப் போட்ட மஃப்ளர், சால்வை, கழுத்தில் தொங்கும் கேமரா வார் எதுவும் பெல்ட் அருகே வரக்கூடாது. 1930-இல் அசாமில் உருவான சி.டி.சி. இயந்திரத்தில் இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழலும்; ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு வேகம். கொழுந்து நசுங்கிக் கிழிந்து சுருள்வது அந்த வேக வித்தியாசத்தால்தான். அதன் வாய்ப்பக்கம் குனிந்து படமெடுக்க எந்தப் படமும் தகுதியானதல்ல.

நீலகிரிக் குளிரிலிருந்து சூடான உலர்த்தி அறைக்குள் நுழைந்தவுடன் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் மீண்டும் படியும், கூடவே தேயிலைத் தூசும் ஒட்டிச் சேறாகும். வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, உள்ளே கொண்டுபோய் 20 நிமிடம் அப்படியே வைத்துவிட்டுத் திறங்கள். ஆவி பையின் மேல் படியும், லென்ஸ் தப்பிக்கும். ட்யூப்லைட், எல்.இ.டி. வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஓடும் பெல்ட்டைக் கலங்கலாகவும் கையை அசையாமலும் காட்ட வேண்டுமானால் டிரைபாடில் 1/8 முதல் 1/15 நொடி போதும். கையை ஏதாவது அசையாத ஒன்றின் மேல் ஊன்றச் சொல்லுங்கள். வேலையை நிறுத்தி நடிக்கச் சொல்லாதீர்கள். ஒருவர் உண்மையாக ஒரு பிடியைப் பிடிக்கும்போது புறங்கை நரம்பு எழும், நடிப்பில் எழாது.

மலை ரயிலும் நல்ல பொருள். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கிய ரயில் அது. கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதையில் ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். பெட்டிகளின் முகப்பில் பிரேக்ஸ்மேன்கள் நின்றுகொண்டே வருவார்கள். அந்தக் கையும் பிரேக்கின் பிடியும் பிளாட்பாரத்தில் நின்றபடியே கிடைக்கும். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம்.

எக்ஸ்ரே என்னும் ஆயத்த நெகட்டிவ்

வெயிலில் காட்டும்போது துணிமேல் வைக்க ஒரு நெகட்டிவ் வேண்டும். அதைச் செய்ய இரண்டு வழி உண்டு. முதலாவது கம்ப்யூட்டர் வழி: படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நிறங்களைத் தலைகீழாக்கி, இடவலமாகத் திருப்பி, ஓ.எச்.பி. ஷீட் என்னும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்சிடுங்கள். இடவலம் திருப்புவது மறக்கக்கூடாத படி. மை படிந்த பக்கம் துணியைத் தொட வேண்டும். அப்படி வைத்தால் படம் மறுபக்கமாகும். திருப்பாமல் விட்டால் வலக்கை இடக்கையாகும், இயந்திரத்தில் உள்ள எழுத்தும் இடவலம் மாறும். இங்க்ஜெட் அச்சு அடர்த்தியாக வரும். ஜெராக்ஸ் கடையில் லேசர் அச்சுதான் கிடைக்கும். அதில் கறுப்பு பகுதி ஊசித்துளை போல வெளிச்சம் விடும், அதனால் வெள்ளையாக நிற்க வேண்டிய இடம் வெளிர்நீலமாகிவிடும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஓரத்தில் டேப் ஒட்டினால் சரியாகும். லேசருக்கு உரிய ஷீட்டா என்று கேட்டு வாங்குங்கள். இங்க்ஜெட் ஷீட்டை லேசர் மெஷினில் விட்டால் உள்ளேயே உருகி ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது வழியை நாங்கள் அதிகம் பரிந்துரைக்கிறோம்: கையின் பழைய எக்ஸ்ரே ஃபிலிம். பீரோவின் மேலே உறையோடு கிடக்கும் அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. மனித உடலை இயந்திரம் பார்த்த பார்வை அது. பின்னணி நல்ல கறுப்பு, எலும்பு தெளிவு. அச்சிட்டால் வெள்ளைத் துணியில் எலும்பு மட்டும் நீலமாக நிற்கும். ஊட்டி இந்து நகரில் 1960-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இப்போது இயங்கவில்லை. ஆனால் 'இந்து' என்ற பெயரில் அங்கே தயாரான எக்ஸ்ரே ஃபிலிம் ஒரு காலத்தில் நாடு முழுக்கப் போயிருக்கிறது. அந்த மலையிலேயே அந்தப் பொருளைத் திரும்ப எடுத்து வேலை செய்வதில் எங்களுக்குத் தனிப் பிரியம் உண்டு.

எக்ஸ்ரேயில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய ஃபிலிமின் இரண்டு பக்கமும் மருந்துப் பூச்சு இருக்கும், ஆகவே விளிம்பு சற்றே மென்மையாகத்தான் விழும். ஃபிலிமுக்கு இளநீலச் சாயல் உண்டு, அதனால் வெயிலில் வைக்கும் நேரம் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கூடும். மூலையில் உள்ள பெயர், வயது, எண் மீது கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்தவரின் எக்ஸ்ரே என்றால் கேட்டுவிட்டே பயன்படுத்துங்கள்.

துணி

காடாத் துணி வாங்குங்கள், சலவை செய்யாத பருத்தி. மல் துணி மெல்லியது, துரு ஏறினால் நைந்துவிடும். பாலியெஸ்டர் கலந்தால் மருந்தும் பிடிக்காது சாயமும் பிடிக்காது. ஓரத்து நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள்: காகிதம் போலச் சாம்பலானால் பருத்தி, உருகி மணியாகத் திரண்டால் கலப்பு.

காடாவில் கஞ்சி இருக்கும். 3 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சலவை சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். தண்ணீர் டீ நிறத்தில் இறங்கும். நான்கு முறை அலசி, கடைசித் தண்ணீரில் ஒரு குழிக்கரண்டி வெள்ளை வினிகர் விட்டுப் பிழிந்து காயப்போடுங்கள். வினிகர் எதற்கு என்றால், சயனோடைப் நீலத்துக்குக் காரம் ஆகாது. சோடா துளி மிஞ்சியிருந்தாலும் அந்த இடத்தில் நீலம் மஞ்சளாகும். பின்னால் இதே குணத்தை நாமே வேண்டுமென்று பயன்படுத்துவோம், ஆனால் இப்போது அல்ல. காய்ந்தபின் இஸ்திரி போட்டு வையுங்கள்.

மருந்து கலப்பது

சயனோடைப் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறை; இன்றும் பெரிதாக மாறவில்லை. முதல் பாட்டிலில் ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் (பச்சை ரகம்) 25 கிராம், 100 மி.லி. தண்ணீர். இரண்டாவது பாட்டிலில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம், 100 மி.லி. தண்ணீர். தண்ணீருக்கு பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி வாட்டர் போதும். தனித்தனியே, பழுப்பு பாட்டிலில் இருக்கும்வரை கெடாது. பூசும் அன்றைக்குத்தான் சம அளவில் கலக்க வேண்டும். காடாத் துணி தன் எடை அளவுக்கு மருந்தைக் குடிக்கும். ஏ4 பரப்புக்கு 10 முதல் 12 மி.லி. ஆக இந்த அளவு சுமார் 15 படத்துக்கு வரும்.

சயனைடு என்ற பெயரைக் கேட்டுப் பயந்து கைவிடுபவர்கள் உண்டு. ஃபெர்ரிசயனைடில் சயனைடு இரும்போடு இறுகக் கட்டுண்டு இருக்கிறது. அதை வலுவான அமிலத்தில் கலப்பதும் நெருப்பில் சூடாக்குவதும்தான் ஆபத்து. டாய்லெட் கழுவும் ஆசிட் பாட்டிலை இந்த வேலை நடக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், அளக்கும் கரண்டிகளை இந்த வேலைக்கே ஒதுக்குங்கள்.

கடையில் மாறி வரும் பிழை ஒன்று: ஃபெர்ரிசயனைடு செம்பவளம் போலச் சிவந்த படிகம். எலுமிச்சை மஞ்சளில் படிகம் வந்தால் அது ஃபெர்ரோசயனைடு. கலந்த நொடியே நீலமாகிவிடும், படம் வராது. இன்னொன்று, சிட்ரேட் கரைசலில் நீலகிரி ஈரத்துக்கு ஒரு மாதத்தில் பூஞ்சை மிதக்கும். காபி வடிகட்டும் தாளில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். பாதி அளவாகக் கலந்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பூசுவதும் காய்வதும்

மாலையில், ஒரு சாதாரண மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் செய்யுங்கள். ட்யூப்லைட் வேண்டாம், ஜன்னலை மூடுங்கள். துணியைப் பிளாஸ்டிக் விரித்த பலகையில் பின் குத்தி இழுத்து, ஃபோம் பிரஷ்ஷால் முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில் ஒரு முறை. பளபளவென்று மருந்து மேலே தேங்கினால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். தேங்கிய மருந்து கழுவும்போது நீலமாகக் கரைந்து ஓடி வெள்ளையைக் கெடுக்கும். நிறம் பச்சை கலந்த மஞ்சளாக இருக்க வேண்டும்.

காயவைப்பதில்தான் மலையில் பாதிப் படங்கள் கெடுகின்றன. பனிமூட்ட நாளில் அலமாரிக்குள் தொங்கவிட்ட துணி மறுநாளும் ஈரமாகவே இருக்கும். ஈரத்தில் மருந்து தானாகவே மங்கிப் பச்சை நீலமாகும், நெகட்டிவிலும் ஒட்டும். ஹேர் ட்ரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்து 15 நிமிடம் ஓட்டுங்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். கதவு ஜன்னலை மூடிக்கொண்டு கரி அடுப்பு வைத்துக் காயவைக்கும் எண்ணம் வேண்டாம். மூடிய அறையில் கரி அடுப்பின் நச்சுவாயு உயிரை எடுத்துவிடும்; அதற்கு வாசனையே கிடையாது.

வெயில்

புற ஊதாக் கதிர்தான் படத்தைப் பதிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் அது ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. தெளிந்த வெயில் கிடைத்துவிட்டால் சமவெளியைவிட வேகமாகவே வேலை முடியும். கிடைக்க வேண்டுமே! ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் மழை ஓயாது. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை, உறைபனி விழுந்த காலைக்கு அடுத்து வரும் நடுப்பகல், காலை 10.30 முதல் 2 மணி வரை, இதற்கென்றே வந்த நேரம்.

பிளைவுட் பலகை, அதன் மேல் துணி, அதன் மேல் நெகட்டிவ், அதன் மேல் 5 மி.மீ. ஜன்னல் கண்ணாடி, நான்கு பக்கமும் பைண்டர் கிளிப். முதலில் ஒரு துண்டுத் துணியில் சோதனை செய்யாமல் பெரிய துணியை வெளியே எடுக்காதீர்கள். 20 செ.மீ. பட்டையை முழுதாக 2 நிமிடம் வெயிலில் காட்டி, கால் பாகத்தை அட்டையால் மூடுங்கள். மேலும் 2 நிமிடம், இன்னொரு கால் பாகத்தை மூடுங்கள். மேலும் 4, பிறகு மேலும் 8. இப்போது 2, 4, 8, 16 நிமிடம் என நான்கு நிறம் ஒரே பட்டையில் இருக்கும். கழுவிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தெளிந்த வெயிலில் துணிக்குப் பெரும்பாலும் 8 முதல் 15 நிமிடத்துக்குள் அமையும், மெல்லிய மேகத்தில் 20, 30. நேரத்தைவிட நிறத்தை நம்புங்கள்: நெகட்டிவுக்கு வெளியே உள்ள ஓரம் மஞ்சளிலிருந்து நீலமாகி, நீலத்தைத் தாண்டிச் சாம்பல் பூத்த வெண்கல நிறத்துக்கு வந்தால் போதும்.

பாதியில் மேகம் இறங்கினால் கிளிப்பைத் தொடாமல் பலகையைக் கறுப்புத் துணியால் மூடி உள்ளே வைத்து, வெயில் வந்தபின் தொடருங்கள். விழுந்த வெளிச்சம் கணக்கில் சேர்ந்தே இருக்கும். கிளிப்பைக் கழற்றி எட்டிப் பார்த்தால் மட்டும் நெகட்டிவ் ஒரு மயிரிழை நகர்ந்து, விரலுக்கு இரட்டைக் கோடு விழும்.

கழுவ மூன்று வாளி. முதல் வாளியில் லிட்டருக்கு 20 மி.லி. வெள்ளை வினிகர், இது இடைநிறங்களைக் காப்பாற்றும். அடுத்த இரண்டில் வெறும் தண்ணீர். மஞ்சள் பச்சை இறங்குவது நிற்கும்வரை, குறைந்தது 15 நிமிடம், தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு 10 மி.லி.யை 1 லிட்டர் தண்ணீரில் விட்டு, துணியை அதில் அரை நிமிடம் முக்கினால் ஒரு நாள் கழித்து வர வேண்டிய ஆழ்ந்த நீலம் கண்முன்னே வரும். மறுபடி அலசி, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள்.

துரு

இனி இயந்திரத்தின் முறை. அதைப் படமெடுக்க வேண்டாம்; அதுவே துணியைத் தொட்டுப் பதியட்டும். பழைய இரும்புக் கடையில் சைக்கிள் செயின், பல்சக்கரம், வாஷர், பேரிங் வளையம் கிடைக்கும். தட்டையாக இருப்பதும் நன்றாகத் தொடுவதும் முக்கியம். ரயில் பாதையோரம் கிடக்கும் இரும்பைப் பொறுக்காதீர்கள். அது ரயில்வே சொத்து, 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம்.

சி.டி.சி. உருளையின் பல்லைப் பதிக்க ஆசைப்படுபவர்கள் ஏமாறுவார்கள், அது துருப்பிடிக்காத எஃகு. காந்தம் ஒட்டாத பாகத்தை விட்டுவிடுங்கள். ஒட்டினாலும் வெள்ளி மினுக்கோடு இருந்தால் துத்தநாகப் பூச்சு இருக்கலாம். உப்புத்தாளால் தேய்த்துக் கீழே இரும்பை வெளியே கொண்டு வாருங்கள். கிரீஸ் இருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். கிரீஸ் உள்ள இடத்தில் துரு வராது, எண்ணெய்க் கறைதான் வரும்.

துணியை நனைத்துப் பிழிந்து பிளாஸ்டிக் மேல் விரியுங்கள். பாகத்தை எங்கே வைப்பது என்பதில்தான் படமே இருக்கிறது: கை எங்கே முடிகிறதோ அங்கே, எலும்பு நீட்டும் திசையில், அரை விரல் மட்டும் மேலேறும்படி. சங்கிலியைக் கை முழுக்கச் சுற்றி வைப்பது எளிது, ஆனால் விலங்கு மாட்டியது போல ஒரே ஒரு அர்த்தம்தான் அதற்கு. பற்கள் விரல் நுனியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்போது பார்ப்பவர் நின்று யோசிப்பார். சம அளவு வினிகரும் தண்ணீரும் கலந்து, பாகம் இருக்கும் இடத்தில் மட்டும் தெளித்து, மேலே பிளாஸ்டிக் மூடி, ஒரு செங்கல்லைப் பாரம் வையுங்கள். சமவெளியில் ஒரு நாளில் ஏறும் துரு ஊட்டிக் குளிரில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். சமையலறை அடுப்பங்கரைப் பக்கம் வைத்தால் சீக்கிரம் வரும். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், காய்ந்திருந்தால் தெளியுங்கள். தண்ணீர் தேங்கினால் கோடு கலைந்து மேகமாகும். உப்பு சேர்த்தால் வேகம் கூடும் என்று பலர் சொல்வார்கள், மலையில் வேண்டாம். துணியில் மிஞ்சும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், படம் முடிந்தபின்னும் துரு ஓடும்.

துருவை முதலில் பதித்து அதன்மேல் நீல மருந்தைப் பூசலாமா? கூடாது. புதுத் துருவில் முழுதாகத் துருவாகாத இரும்பு இருக்கும். அது ஃபெர்ரிசயனைடைத் தொட்டவுடன் வெயில் இல்லாமலே நீலமாகிவிடும். நீலத்தைச் சரியாகக் கழுவாமல் துருவுக்குப் போனாலும் இதே நிலைதான், பல்சக்கரத்தைச் சுற்றி நீலப் புகை பரவும்.

சோடாவும் தேயிலையும்

துரு ஏறியதும் பாகத்தை எடுத்து, துணியை மூன்று தண்ணீரில் அலசுங்கள். இப்போது சலவை சோடா: 1 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். துணி முழுவதையும் முக்காமல், பிரஷ்ஷால் கையும் துருவும் சந்திக்கும் இடத்தில் மட்டும் தடவுங்கள். நீலம் ஊதா கலந்து வெளிறி, மஞ்சளாகும். 20 முதல் 60 நொடிதான். நீலம் உடைந்து இரும்பு மட்டும் நூலில் தங்கும் கட்டம் அது. தேயிலை அந்த இரும்பைப் பிடித்துத்தான் கறுக்கும். துருவில் மிஞ்சிய வினிகரையும் சோடா அடக்கிவிடும். இதைத் துருவுக்கு முன்பு செய்தால், பின்னால் வரும் வினிகர் அந்த இரும்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும், வெறும் வெள்ளைதான் மிஞ்சும். துணி துவைக்கும் பவுடரை சோடாவுக்குப் பதில் போடாதீர்கள். உடனே ஐந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் அலசுங்கள்.

சாயத்துக்கு டஸ்ட் டீ 25 கிராம், 1 லிட்டர் தண்ணீர், 10 நிமிடம் கொதி, துணியில் வடிகட்டல். கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறட்டும். சூடாக முக்கினால் வெள்ளையெல்லாம் பழுப்பாகும். ஃபேக்டரிக் கழிவுத் தூளை மூட்டையாக வாங்கிவிடலாம் என்று போகாதீர்கள், தேயிலைக் கழிவை வாங்க விற்க உரிமம் வேண்டும். கடை டஸ்ட் டீயே போதும். வெள்ளை வெள்ளையாகவே நிற்க வேண்டும் என்றால் கிரீன் டீ. டானின் உண்டு, கறை குறைவு, கறுப்பு கொஞ்சம் நீலச் சாயலில் வரும். எங்கள் விருப்பம் டஸ்ட் டீதான், அந்தப் பழுப்பு துணிக்கு ஒரு வேலைக் களையைக் கொடுக்கிறது.

துணியை முழுதாக முக்கி, அடிக்கடி புரட்டுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் துரு ஆரஞ்சிலிருந்து கரும்பழுப்புக்குப் போகும். பத்தாவது நிமிடத்தில் சோடா பட்ட மஞ்சள் சாம்பலாகி மெல்லக் கறுக்கத் தொடங்கும். சோடா படாத நீலம் மசி நீலமாக இருளும். 20 நிமிடத்திலிருந்து 2 மணி நேரம் வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஆனால் காய்ந்தபின் இன்னும் ஒரு படி கறுக்கும் என்பதை மனதில் வைத்து முன்னதாகவே எடுத்துவிடுங்கள். மணிக்கட்டில் நீலம், விரல் நுனியில் கறுப்பு, அப்பால் துரு, மூன்றுக்கும் நடுவே எங்கே கை முடிந்து இரும்பு தொடங்குகிறது என்று கோடு போட முடியாமல் இருந்தால் வேலை சரியாக வந்திருக்கிறது.

தையல்

சாயத்துக்கு முன்பே தைக்க வேண்டுமா பின்பா என்பது நூலைப் பொறுத்தது. பருத்தி நூலில் முன்பே தைத்தால் அதுவும் டீயில் பழுப்பாகும். துருவின் மேல் போகும் இடத்தில் நூலும் கறுக்கும். பாலியெஸ்டர் நூல் எதையும் ஏற்காமல் வெள்ளையாகவே நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்: கையின் விளிம்பைப் பருத்தி நூலால் கைத்தையலாக, பல்சக்கரத்தின் விளிம்பைப் பாலியெஸ்டரால் மெஷின் தையலாக. மெஷின் தையலின் சீரான 3 மி.மீ. இடைவெளியும் கைத்தையலின் ஏற்றத்தாழ்வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது வேறு விளக்கம் தேவைப்படாது. மெஷினில் 16-ஆம் நம்பர் ஊசி போடுங்கள்; துருத்துகள் உள்ள இடத்தில் மெல்லிய ஊசி முறியும். மிதித்து ஓட்டும் மெஷின் இருந்தால் அதுவே நல்லது, துரு மேல் வரும்போது கைச்சக்கரத்தைப் பிடித்து ஒவ்வொரு தையலாக இறக்கலாம்.

நீலகிரி என்றவுடன் தோடர் பழங்குடிப் பெண்களின் பூவேலையை இதில் சேர்க்கத் தோன்றும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. வரைபடம் போடாமல், துணியின் இழையை எண்ணியே போடுவது. அந்த வடிவங்களைப் பார்த்து நகலெடுத்து ஒட்டாதீர்கள். வேண்டுமென்றால் அந்தப் பெண்களிடமே கேட்டு, கூலி பேசி, படைப்பில் அவர்கள் பெயரும் வரும்படி செய்யுங்கள்.

மாட்டி வைக்க

கடைசி அலசல் அரை மணி நேரம், தண்ணீர் ஐந்து முறை மாறட்டும். இரும்பும் டானினும் சேர்ந்த கறுப்பு காலப்போக்கில் பருத்தியை நையச் செய்யும், இதை வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள். பின்பக்கம் இன்னொரு துவைத்த காடாத் துணியை வைத்து, நான்கு ஓரமும் தளர்வாகத் தைத்துவிட்டால் பாரம் முழுவதையும் அது தாங்கும். இனி எப்போதும் சோப்பு போட்டுத் துவைக்கக் கூடாது, நீலம் போய்விடும்.

ஃபிரேம் போட்டால் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே குறைந்தது 5 மி.மீ. இடைவெளி வையுங்கள். ஒட்டி வைத்த துணியில் மலை ஈரத்துக்கு ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சைப் புள்ளி வந்துவிடும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், அது எப்போதும் ஈரம் கசியும். உள்சுவரில், நேர் வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள். கூடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஜூன் பிறப்பதற்குள் கழற்றி, சுருட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டிரங்குப் பெட்டியில் வைத்து, மழை விட்டபின் நிழலில் ஒரு நாள் விரித்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.